அம்பரப்பர் மலையும் நியூட்ரினோ ஆய்வகமும்: ஒரு கட்டுமானத்தை எதிர்த்த ஊர்களின் வரலாறு

தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்குத் தெற்கே, ஏலமலைச் சரிவின் கீழே உள்ள ஊர் பொட்டிபுரம். அதனை ஒட்டி நிற்கும் அம்பரப்பர் மலையைக் குடைந்து இந்திய நியூட்ரினோ ஆய்வகத்தை அமைக்க மத்திய அரசு திட்டமிட்டது. 2010-ஆம் ஆண்டில் இவ்விடம் தேர்வானது முதல் பொட்டிபுரம், புதுக்கோட்டை, இராமகிருஷ்ணாபுரம், குப்பனாசாரிபட்டி, தேவாரம் முதலிய ஊர்களின் மக்களும், சுற்றுச்சூழல் அமைப்புகளும், பின்னர் அரசியல் கட்சிகளும் இதனை எதிர்த்தனர். இன்றளவும் மலை குடையப்படவில்லை.

இந்த வரலாறு பெரும்பாலும் 'அறிவியலா, மக்களா?' என்ற பட்டிமன்றத் தலைப்பாகவே பேசப்படுகிறது. நடந்தவற்றை ஆண்டு வரிசையில் பார்த்தால் வேறொரு கேள்வி எழுகிறது. ஓர் ஊரின் பக்கத்தில் பெரிய கட்டுமானம் ஒன்று வரும்போது அந்த ஊராரின் சொல்லுக்குச் சட்டத்தில் எங்கே இடம் இருக்கிறது என்பதே அந்தக் கேள்வி.

ஊரும் மலையும்

போடிநாயக்கனூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் உள்ள நகரம். போடிமெட்டு வழியாக மேலே ஏறினால் கேரளத்தின் இடுக்கி மாவட்டம். அங்கே பரந்து கிடப்பவை ஏலக்காய்த் தோட்டங்கள். ஏலம் விளைவது மேலே என்றாலும் அதை ஏலத்தில் விற்கும் பெரிய சந்தைகளுள் ஒன்று கீழே போடியில் இருக்கிறது. போடி, தேவாரம், கம்பம் வட்டாரங்களிலிருந்து விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறித் தோட்ட வேலைக்குப் போய் மாலையில் திரும்பும் பெண்கள் ஏராளம். வரைபடத்தில் மாநில எல்லையாகத் தெரியும் இந்த மலைத்தொடர், இவர்களுக்கு அன்றாடம் ஏறி இறங்கும் வழி.

பொட்டிபுரம் உத்தமபாளையம் வட்டத்தில், மதுரையிலிருந்து சுமார் 110 கி.மீ. தொலைவில் உள்ளது. மலையின் மறைவில் இருப்பதால் மழை குறைவு. மானாவாரி நிலங்களும், கிணற்றையும் ஆழ்துளைக் கிணற்றையும் நம்பிய தோட்டங்களும், ஆடு மாடுகளும் இப்பகுதியின் வாழ்வாதாரம். காட்டோரம் மேய்ந்தே வளரும் மலைமாடுகளுக்குத் தேனி மாவட்டம் பெயர் பெற்றது. அடிவாரத்துப் புறம்போக்கு, அரசுப் பதிவேட்டின்படி யாருக்கும் உரியதல்லாத நிலம். கால்நடை வைத்திருப்பவருக்கோ அதுவே மேய்ச்சல் நிலம்.

நியூட்ரினோவுக்கு மலை எதற்கு?

நியூட்ரினோ என்பது மின்சுமை இல்லாத, மிக மிகக் குறைந்த நிறை கொண்ட அடிப்படைத் துகள். சூரியனில் நிகழும் அணுக்கருப் பிணைவில் அது ஓயாமல் உருவாகிறது. சூரியனிலிருந்து மட்டும் பூமியின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரின் மீதும் நொடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் விழுகின்றன. அவை நம் உடலையும் பூமியையும் ஊடுருவிச் செல்கின்றன; ஏறக்குறைய எதனோடும் வினைபுரிவதில்லை. அதனால்தான் அவற்றைப் பிடிப்பது கடினம்.

விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது மியூவான் என்னும் துகள்கள் உருவாகின்றன. தரையில் வைக்கப்படும் கருவியில் இவை மழைபோல் விழுந்துகொண்டே இருக்கும். சந்தைக்கடை இரைச்சலில் ஒருவர் காதோடு பேசுவதைக் கேட்க முடியாதல்லவா? மியூவான்களை வடிகட்டத் தலைக்கு மேலும் பக்கவாட்டிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும். நியூட்ரினோ அந்தப் பாறையையும் தாண்டி வந்துவிடும்.

இத்துறையில் இந்தியா பின்தங்கிய நாடாகத் தொடங்கவில்லை. வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் 1965-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவு செய்யப்பட்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கமொன்றில் பணியாற்றிய குழுவும் இதைக் கண்டது. உலகில் முதன்முதலாகக் கிடைத்த பதிவுகள் இவை. 1990-களின் தொடக்கத்தில் கோலாரில் ஆய்வுகள் நின்றன. 2001-இல் சுரங்கமே மூடப்பட்டது. விட்ட இடத்திலிருந்து தொடரும் முயற்சியாக, 2002-இல் அணுசக்தித் துறையின் கீழுள்ள ஆராய்ச்சி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து நியூட்ரினோ ஆய்வகத் திட்டத்தை வகுத்தன.

சிங்காராவிலிருந்து பொட்டிபுரம் வரை

பொட்டிபுரம் முதல் தேர்வு அன்று. நீலகிரியில் மசினகுடிக்கு அருகிலுள்ள சிங்காராவில், பைக்காரா நீர்மின் திட்டத்தின் குடைவுகளுக்குப் பக்கத்திலேயே ஆய்வகத்தை அமைப்பது முதல் திட்டம். அவ்விடம் முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியும் யானைகள் நடமாடும் வழியிலும் இருந்தது. வனத்துறையினரும் சூழல் ஆர்வலர்களும் எதிர்த்ததையடுத்து, அப்போதைய மத்திய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2009 நவம்பரில் அனுமதி மறுத்தார். மாற்று இடமாகத் தேனி மாவட்டத்தின் சுருளியாறு கருதப்பட்டது. அங்கும் அடர்ந்த காடு இடையூறாக இருந்ததால், இறுதியில் போடி மேற்கு மலையின் பொட்டிபுரம் தேர்வாயிற்று.

அறிவியலாளர்களின் நோக்கில் இது நல்ல இடம். உறுதியான சார்னோக்கைட் பாறை, எல்லாப் பக்கமும் போதிய கனம், நிலநடுக்க வாய்ப்புக் குறைவு, மழை குறைவு, மேற்பரப்பில் அடர்காடு இல்லை, ஒரு வீட்டையும் காலி செய்ய வேண்டியதில்லை. மாநில அரசு அடிவாரத்தில் சுமார் 26.8 ஹெக்டேர், அதாவது 66 ஏக்கர் நிலத்தை ஒதுக்கியது. 2011 ஜூனில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. சுமார் 1,500 கோடி ரூபாய்ச் செலவிலான திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் அளித்தது.

திட்டத்தின் அளவு

அடிவாரத்திலிருந்து மலைக்குள் சுமார் 2 கி.மீ. நீளத்துக்கு ஒரு சுரங்கப்பாதை. அதன் முடிவில் ஏறத்தாழ 132 மீட்டர் நீளம், 26 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம் கொண்ட பெரிய குகை. உடன் சில சிறிய குகைகள். பெரிய குகையின் உயரம் ஏறக்குறைய ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம். அதற்குள் சுமார் 50,000 டன் எடையுள்ள காந்தமூட்டப்பட்ட இரும்புக் கருவி. இரும்புத் தகடுகளை அடுக்கி, இடையிடையே துகள் உணரிகளைச் செருகுவது அதன் அமைப்பு. நியூட்ரினோவையும் எதிர்நியூட்ரினோவையும் பிரித்தறிந்து, மூன்று வகை நியூட்ரினோக்களின் நிறைகள் எந்த வரிசையில் அமைந்துள்ளன என்று கண்டறிவது முதன்மை நோக்கம்.

இவ்வளவையும் செய்ய லட்சக்கணக்கான டன் பாறையை வெடிவைத்து எடுத்து, லாரிகளில் வெளியே கொண்டுவந்து, அடிவாரத்தில் குவித்து, பின் அப்புறப்படுத்த வேண்டும். இந்தப் பணி சில ஆண்டுகள் நீடிக்கும். ஆய்வகத்துக்கு வேண்டிய நீரை முல்லைப் பெரியாற்று நீரிலிருந்து எடுக்கத் திட்டம்.

ஊராரின் அச்சங்கள்

எதிர்ப்பில் பல குரல்கள் கலந்திருந்தன. அவற்றை ஒன்றாகக் கட்டி 'அறியாமை' என்று தள்ளுவதும், 'மக்கள் சொல்வதெல்லாம் சரி' என்று ஏற்பதும் வரலாறு படிப்பவருக்கு உதவாது. தனித்தனியாகப் பிரித்துப் பார்ப்போம்.

முதலாவது, கதிர்வீச்சு அச்சம். நியூட்ரினோ உடலைக் கெடுக்கும், பயிரைக் கருக்கும் என்ற பேச்சு பரவியது. இதற்கு அறிவியல் அடிப்படை இல்லை. மலையைக் குடைந்தாலும் குடையாவிட்டாலும் நியூட்ரினோ நம்மைக் கடந்துகொண்டேதான் இருக்கிறது. ஆய்வகம் அதை உருவாக்குவதில்லை, எண்ணுகிறது, அவ்வளவே.

இரண்டாவது, அணுக்கழிவு ஐயம். குடைந்த மலைக்குள் அணுஉலைக் கழிவைப் புதைக்கப் போகிறார்கள் என்ற சந்தேகம் வலுவாக இருந்தது. அணுசக்தித் துறை இதைத் திட்டவட்டமாக மறுத்தது. ஆயினும் கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டம் 2011-இலும் 2012-இலும் தென் தமிழகத்தையே உலுக்கிய காலம் அது. அதே அணுசக்தித் துறையின் பெயர்ப்பலகை இங்கும் நிற்கையில், ஐயம் எழுந்தது வியப்பன்று.

மூன்றாவது, வெடியும் தூசியும். வெடிவைப்பதால் வீடுகளில் விரிசல் விழுமா, கிணற்று ஊற்று திசைமாறுமா, லாரிப் போக்குவரத்தால் பயிர்மேல் தூசி படியுமா என்ற கேள்விகள். இவை கற்பனை அச்சங்கள் அல்ல. கல்குவாரிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் எவரும் கேட்கும் கேள்விகள். கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு முறையால் அதிர்வு மிகக் குறைவாக இருக்கும் என்பது திட்டக் குழுவின் விடை. முல்லைப் பெரியாறு, இடுக்கி அணைகளின் பாதுகாப்பை முன்வைத்துக் கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தனும் எதிர்ப்புத் தெரிவித்தார்.

நான்காவது, தண்ணீரும் மேய்ச்சலும். ஐந்து மாவட்ட விவசாயிகள் ஒவ்வோர் ஆண்டும் எதிர்பார்த்து நிற்கும் பெரியாற்று நீரில் புதிய பங்கு ஒன்று கேட்கப்படுகிறது. மாடு மேய்ந்த புறம்போக்கு வேலிக்குள் போகிறது. இவை இரண்டும் கண்ணால் காணக்கூடிய இழப்புகள்.

ஐந்தாவது பேச்சில் அதிகம் வராதது. ஆனால் ஊர்க்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. தேவாரத்திலிருந்து சாக்கலூத்து மெட்டு வழியாகக் கேரளத்துக்கு மலைச்சாலை வேண்டும் என்பது இப்பகுதியின் நெடுநாள் கோரிக்கை. தோட்ட வேலைக்குப் போவோரின் சுற்றுவழியை அது வெகுவாகக் குறைக்கும். வனநிலம் என்ற காரணத்தால் அந்தச் சாலை நிறைவேறவில்லை. நமக்குச் சாலை போடக் கொடுக்காத காட்டை இவர்களுக்கு மட்டும் குடையக் கொடுப்பதா என்ற மனக்குறைக்கு, நியூட்ரினோ பற்றிய எந்த விளக்கக் கூட்டமும் விடை சொல்ல முடியாது.

பொட்டிபுரம் ஊராட்சியின் கிராம சபை திட்டத்துக்கு எதிராகத் தீர்மானம் நிறைவேற்றியது. மறுபுறம் திட்டத்தை ஆதரித்தவர்களும் உண்டு. 2015 ஜூனில், மறைவுக்குச் சில வாரங்கள் முன்பு, அப்துல் கலாம் இத்திட்டத்தை விளக்கி ஆதரித்து நாளிதழில் இணைக் கட்டுரை எழுதினார். கல்லூரி, பள்ளி மாணவர்களிடையே அறிவியலாளர்கள் விளக்க உரைகள் நிகழ்த்தினர். ஆனால் விளக்கம் சொல்வது வேறு, சம்மதம் கேட்பது வேறு.

நீதிமன்றங்களில்

2015-இல் ம.தி.மு.க. பொதுச்செயலாளர் வைகோ சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்குத் தொடுத்தார். தமிழ்நாடு மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாமல் பணிகளைத் தொடங்கக் கூடாது என்று 2015 மார்ச்சில் நீதிமன்றம் ஆணையிட்டது.

இதற்கிடையே 'பூவுலகின் நண்பர்கள்' அமைப்பு தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகியது. 2017 மார்ச் 20 அன்று தீர்ப்பாயம் 2011-இன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. காரணங்கள் இரண்டு. ஒன்று: கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்டப் பகுதியிலிருந்து 4.9 கி.மீ. தொலைவில் இருந்தது. தேசியப் பூங்காவிலிருந்து 5 கி.மீ.க்குள் வரும் திட்டத்தை உயர்ந்த வகையில் வைத்து மதிப்பிட வேண்டும். மற்றொன்று: சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைத் தயாரித்த சலீம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையம் அப்பணிக்கு உரிய அங்கீகாரம் பெற்றிருக்கவில்லை.

கவனிக்க வேண்டியது இது. எட்டு ஆண்டு வாதங்களின் நடுவே திட்டத்தை நிறுத்தியது கிணற்று நீரும் அன்று, கிராம சபைத் தீர்மானமும் அன்று. 5 கிலோமீட்டருக்கு 100 மீட்டர் குறைந்ததே நிறுத்தியது.

கட்டடம் என்ற பெயர்

டாட்டா நிறுவனம் மீண்டும் விண்ணப்பித்தது. மாநில அளவில் முடிவு ஏற்படாத நிலையில், மத்திய அமைச்சகத்தின் வல்லுநர் குழு இதைத் தனி நேர்வாக எடுத்துக்கொண்டது. 2018 மார்ச் 26 அன்று புதிய அனுமதி வழங்கப்பட்டது. அது எந்தப் பிரிவில் வழங்கப்பட்டது என்பதில்தான் இந்த வரலாற்றின் முடிச்சு இருக்கிறது.

சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை 2006 செப்டம்பரில் வெளியானது. அணை, சுரங்கம், அனல்மின் நிலையம் எனத் திட்டங்களை அது வகைப்படுத்துகிறது. அதன் அட்டவணையில் 8(அ) என்னும் இனம் 'கட்டடங்களும் கட்டுமானங்களும்'. 20,000 சதுர மீட்டருக்கு மேல் தளப்பரப்புள்ள அடுக்குமாடிக் குடியிருப்பு, வணிக வளாகம், அலுவலகக் கோபுரம் போன்றவை இதில் அடங்கும். ஒரு கிலோமீட்டர் பாறைக்கு அடியில் அமையவிருந்த நியூட்ரினோ ஆய்வகமும் இந்த இனத்தில்தான் சேர்க்கப்பட்டது. அதாவது ஏட்டளவில் அது நகரத்தில் எழும் அலுவலகக் கட்டடத்தின் உறவு.

இதனால் என்ன வேறுபாடு? சுரங்கம் போன்ற திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு கட்டாயம். எட்டாம் இனத்துக் கட்டுமானங்களுக்கு அந்த அறிவிக்கை கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. நகரத்தில் நான்கு தெரு தள்ளி ஒரு கட்டடம் எழுவதற்கு ஊரைக் கூட்ட வேண்டாம் என்ற எண்ணத்தில் தரப்பட்ட விலக்கு, மலையடிவாரத்துக் கிராமங்களுக்கும் பொருந்திவிட்டது. வெடிவைத்துப் பாறை எடுப்பதால் இதைச் சுரங்கமாகவே கருத வேண்டும் என்று எதிர்ப்பாளர்கள் வாதிட்டனர். கனிமம் எடுப்பது நோக்கமல்ல, கட்டுமானமே நோக்கம் என்று அரசுத் தரப்பு வாதிட்டது.

அனுமதி வழங்கப்பட்ட அதே வாரத்தில், 2018 மார்ச் 31 அன்று, மதுரையிலிருந்து கம்பம் வரை வைகோ நடைப்பயணம் தொடங்கினார், தி.மு.க. செயல் தலைவராக இருந்த மு.க. ஸ்டாலின் தொடங்கி வைத்தார். அந்நிகழ்வில் தீக்குளித்த ம.தி.மு.க. தொண்டர் ஒருவர் பின்னர் உயிரிழந்தார்.

2018 நவம்பர் 2 அன்று பசுமைத் தீர்ப்பாயம் புதிய அனுமதியை உறுதிசெய்தது. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதல் இன்றிப் பணி தொடங்கக் கூடாது என்றும் கூறியது. எதிர்ப்பாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்தனர்.

அதே மலைத்தொடரில் முன்பு ஒரு வழக்கு

மலைப்பகுதியில் ஒரு கட்டடத்துக்கு எதிராக அக்கம்பக்கத்தார் நின்றது இது முதன்முறையன்று. போடிக்கு வடக்கே பழனிமலையில் உள்ள கொடைக்கானலில், 1990-களின் தொடக்கத்தில் 'பிளசன்ட் ஸ்டே' என்ற விடுதி எழுந்தது. மலைநகரக் கட்டட விதி இரண்டு தளங்களையே அனுமதித்தது. விடுதி ஏழு தளங்களாக உயர்ந்தது. பழனிமலைப் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த உள்ளூர் ஆர்வலர்கள் வழக்குத் தொடுத்தனர். விதிகளிலிருந்து விலக்களித்து 1994 மே மாதம் மாநில அரசு பிறப்பித்த ஆணையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1995-இல் நீக்கியது.

அந்த ஆணை தொடர்பான குற்ற வழக்கில் முன்னாள் முதல்வர் ஜெ. ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் 2000 பிப்ரவரி 2 அன்று தண்டனை விதித்தது. 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில் நடந்த வன்முறையில் தருமபுரி அருகே கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு மூன்று மாணவியர் இறந்ததைத் தமிழகம் மறக்கவில்லை.

கொடைக்கானல் வழக்கின் வலிமை அதன் எளிமை. விதி இரண்டு தளம் என்கிறது. கட்டடத்தில் ஏழு தளம் நிற்கிறது. யாரும் எண்ணிப் பார்க்கலாம். பொட்டிபுரத்தில் எண்ண ஒன்றுமில்லை. கட்டடம் மேலே எழவில்லை, உள்ளே போகிறது. எவ்வளவு ஆழம் போனால் ஊருக்குக் கேடு என்று சொல்லும் விதி எதுவும் இல்லை. அதனால்தான் வழக்கு தொலைவையும் வகையையும் பற்றிக்கொண்டு நடந்தது.

பிற இடங்களின் அனுபவம்

இத்தாலியில் கிரான் சாசோ மலைக்கு அடியில் உலகின் மிகப் பெரிய நிலத்தடி இயற்பியல் ஆய்வகங்களுள் ஒன்று இயங்குகிறது. 2002 ஆகஸ்டில் அங்கு நியூட்ரினோ சோதனை ஒன்றிலிருந்து சிறிதளவு வேதிநீர்மம் வடிகாலில் கசிந்து ஓடையில் கலந்தது. அந்த மலையின் நீரைக் குடிக்கும் ஊர்களில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. சோதனைப் பணிகள் முடங்கின. நியூட்ரினோவால் கேடில்லை என்பது உண்மை. ஆனால் ஆய்வகம் என்பது நியூட்ரினோ மட்டுமன்று என்பதும் உண்மை. பொட்டிபுரக் கருவியில் இத்தகைய நீர்மம் இல்லை, அது இரும்பால் ஆனது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

ஹவாய்த் தீவில் மௌனா கேயா மலையுச்சியில் 30 மீட்டர் தொலைநோக்கியை அமைக்கும் திட்டத்தில் இந்தியாவும் பங்காளி. 18 மாடி உயரம் கொண்ட அந்தக் கட்டுமானத்தை, மலையைப் புனிதமாகக் கருதும் பூர்வகுடி மக்கள் எதிர்த்தனர். மனுக்கள் மீதான விசாரணை முடியும் முன்பே உரிமம் அளித்தது தவறு என்று ஹவாய் உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பரில் அதை நீக்கியது. 2018-இல் மீண்டும் உரிமம் உறுதியானபோதும் 2019-இல் மக்கள் மலைப்பாதையில் அமர்ந்து தடுத்தனர்.

நம் நாட்டிலேயே ஒடிசாவின் நியம்கிரி மலை மாறுபட்ட எடுத்துக்காட்டு. அங்கே பாக்சைட் தோண்டும் திட்டத்தைக் கிராம சபைகளே தீர்மானிக்கட்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரலில் கூறியது. கூடிய 12 கிராம சபைகளும் மறுத்தன; திட்டம் நின்றது. 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்த மலைவாழ் மக்களின் சொல்லுக்கு ஓர் இடம் வைத்திருந்தது. பொட்டிபுரம் உழவருக்கும் மேய்ப்பருக்கும் அத்தகைய இடம் இல்லை. அவர்களின் கிராம சபைத் தீர்மானம் ஒரு கருத்தாகவே நின்றது.

புலி வழித்தடம்

2021 பிப்ரவரியில் மேகமலை, ஸ்ரீவில்லிபுத்தூர் வனப்பகுதிகளை இணைத்து ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஆய்வகத்துக்கான வனவிலங்கு அனுமதி கோரி விண்ணப்பம் அளிக்கப்பட்டது. ஜூனில், புதிய முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமரிடம் அளித்த மனுவில் திட்டத்தைக் கைவிடுமாறு கோரினார். 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், திட்டப் பகுதி மதிகெட்டான் சோலையையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைக்கும் புலி வழித்தடத்தில் வருகிறது என்றும், அங்கு அனுமதிக்க இயலாது என்றும் தெரிவித்தது. நிலம் ஒதுக்கிய அதே மாநில அரசு, ஆட்சி மாறியபின் எடுத்த நிலை இது.

ஆக, சிங்காராவில் யானை வழியும், போடி மலையில் புலி வழியும் ஆய்வகத்தைத் தடுத்தன. போராடிய ஊர்களுக்கு இது வெற்றியே. ஆனால் அந்த வெற்றிக்கு இன்னொரு முகமும் உண்டு. 2022 மார்ச்சில், மேகமலை தொடர்பான வழக்கொன்றில், வனப்பகுதிகளில் கால்நடை மேய்ப்பதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. முதலில் மாநிலத்தின் எல்லாக் காடுகளுக்கும் விதித்த தடையைப் பின்னர் புலிகள் காப்பகங்கள், தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள் அளவுக்குக் குறைத்தது. தேனி மாவட்டத்தில் மலைமாடு வளர்ப்போர் இதை எதிர்த்துக் குரல் எழுப்பினர். மலை குடைவதைத் தடுத்தது எந்தக் காரணமோ, அதே காரணம் மாடு மேய்ப்பவரையும் வெளியே நிறுத்தியது. ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும் மேய்ப்பவரைக் கேட்டு முடிவெடுத்தவர் யாரும் இல்லை.

இழந்ததும் மிஞ்சியதும்

அறிவியலுக்கு இழப்பு உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. நியூட்ரினோவுக்கு நிறை உண்டு என்பதை நிறுவும் கண்டுபிடிப்புக்காக 2015-இல் ஜப்பானின் தகாக்கி கஜிதாவும் கனடாவின் ஆர்தர் மெக்டொனால்டும் நோபல் பரிசு பெற்றனர். பொட்டிபுரம் திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கிடைத்த அதே 2015 ஜனவரியில் சீனா குவாங்டாங் மாநிலத்தில் தன் 'ஜூனோ' நிலத்தடி ஆய்வகத்தின் கட்டுமானத்தைத் தொடங்கியது. 20,000 டன் நீர்மம் கொண்ட அந்தக் கருவி 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. அதன் முதன்மை நோக்கமும் நியூட்ரினோ நிறைகளின் வரிசையைக் கண்டறிவதே.

நமக்கு மிஞ்சியிருப்பது மதுரை அருகே வடபழஞ்சியில் உள்ள ஆய்வு மையமும், அங்கு 2018 முதல் இயங்கும் 85 டன் மாதிரிக் கருவியும். தலைக்கு மேல் மலை இல்லாததால் அது நியூட்ரினோவைப் பிடிக்கப் பயன்படாது. மியூவான்களை அளந்து தொழில்நுட்பத்தைச் சோதிக்கப் பயன்படுகிறது. இத்துறையில் பயிற்சி பெற்ற தமிழக மாணவர்கள் பலர் அங்கிருந்து உருவாகியுள்ளனர்.

இந்த இழப்புக்கு 'மக்கள் புரிந்துகொள்ளவில்லை' என்பது போதிய காரணமாகாது. நியூட்ரினோவைப் புரிந்துகொண்ட பின்னும் கிணற்றைப் பற்றியும் மேய்ச்சல் நிலத்தைப் பற்றியும் லாரிகளைப் பற்றியும் கேள்விகள் மீதமிருந்தன. அவற்றைக் கேட்பதற்கென்று சட்டப்படியான ஒரு கூட்டம், பதிவாகும் கேள்விகள், கட்டுப்படுத்தும் விடைகள் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் ஊர் சம்மதித்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மறுத்திருந்தால் அது 2010-லேயே தெரிந்திருக்கும். பத்தாண்டு காலமும், நீதிமன்றங்களின் நேரமும், ஓர் உயிரும் செலவாகியிருக்க வேண்டியதில்லை.

மாணவர்கள் இத்தகைய செய்திகளைப் படிக்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்டுப் பழகலாம். அந்தக் கட்டுமானம் அரசு ஏட்டில் எந்த வகையில் பதியப்பட்டிருக்கிறது? அந்த வகை யாருடைய கருத்தைக் கேட்கச் சொல்கிறது? அந்த நிலம் ஏட்டில் யாருடையது, அன்றாட வாழ்வில் யாருடையது? அலுவலகக் கோபுரமானாலும் அணையானாலும் ஆய்வகமானாலும், இந்த மூன்றுக்கும் விடை தெரிந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் ஏன் தெருவுக்கு வந்தனர் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.